மாமனார் பெயரில் மூடும் கதவு

காங்கயம் பக்கம் மட்டியூர் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு மூளை கெட்டுப்போகாது. எடுத்துப் பயன்படுத்தினால்தானே கெடும். அப்பேர்ப்பட்ட ஊரில் நாச்சிமுத்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினான். கூட்டாளிகள் சென்னியப்பனும் கருப்பணனும். வாடிக்கையாளர் ஒரே ஒருவர், நாச்சிமுத்துவின் மாமனார். அவருடைய அரிசி மில்லில் உயரத்தில் இருக்கும் நெல் தொட்டியைப் பார்த்து "திற" என்றால் அதன் கதவு திறக்கும், "மூடு" என்றால் மூடும். இவர்கள் எழுதிய சாஃப்ட்வேர் அவ்வளவுதான்.

"மாப்ள, மில்லு ஒரு நாள் நின்னாலும் எம்புள்ளயக் கூட்டிட்டுப் போயிருவனுங்க" என்று மாமனார் முதலிலேயே சொல்லியிருந்தார். மனைவி மயிலாத்தா மேல் நாச்சிமுத்துவுக்கு உயிர்.

நகரத்துப் பெரிய கம்பெனி ஒன்று வழக்குப் போட்டது. திற, மூடு என்று கட்டளை வைத்ததே தாங்கள்தானாம். தங்கள் இயந்திரத்தில் பழகியவர்கள் அதே சொல்லால் இவர்கள் இயந்திரத்தையும் ஓட்டிவிடுகிறார்களாம். அதற்கு முன் தமிழ்நாட்டில் யாரும் கதவையே திறந்ததில்லை போலிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை அந்தச் சொற்களை நாச்சிமுத்து தரப்பு பயன்படுத்தக் கூடாது என்று நீதிபதி தடை போட்டார்.

தடை என்றால் தடைதானே. அன்று மாலை கொட்டும் மழையில் நாச்சிமுத்து வீட்டு வாசலில் நின்று, "மயிலாத்தா, கதவு இப்ப எப்படி இருக்குதோ அப்படி இல்லாம பண்ணு" என்று கத்தினான். உள்ளே அவள் கதவுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள்.

வக்கீல் வழி சொன்னார். "வெளிய எங்கயும் எடுக்காதீங்க. உங்க வீட்டுலயே ரெண்டு சொல் பார்த்து வெச்சுக்குங்க. வேற யாரும் உரிமை கொண்டாடக் கூடாது."

மூவரும் வீடு முழுக்கத் தேடினார்கள்.

"ஆட்டுக்கல்லு?" என்றான் சென்னியப்பன்.

"எங்கூட்லயும் இருக்குது. நானே கேஸ் போடுவேன்" என்றான் கருப்பணன்.

"அப்ப இவனுக்குன்னு என்னதான்டா இருக்குது?"

"பொண்டாட்டி இருக்குது. மொதக் கட்டளைக்கு அந்தப் பேரு. ரெண்டாவதுக்கு மாமனாரு பேரு. அவரு மேல எவனாச்சும் உரிமை கொண்டாடுவானா?"

"நானே கொண்டாடறதில்லையே" என்றான் நாச்சிமுத்து.

ஆக, திறக்க 'மயிலாத்தா', மூட 'வெள்ளியங்கிரி' என்று கணினியில் அடித்தார்கள். வாயால் யாரும் சொல்லிப் பார்க்கவில்லை. பெரியவர் பெயராயிற்றே.

மறுநாள் மூவரும் மில்லுக்கு வந்திருந்தார்கள். மாமனார் தொட்டிக்குக் கீழே நின்றிருந்தபோது மகள் சோற்றுப் போசியோடு வந்தாள். "வா மயிலாத்தா!" என்றார். தலைமேல் நெல் கொட்டியது.

"மாப்ள, நிறுத்துங்க!"

"உங்க பேரச் சொன்னா நின்னுருமுங்க மாமா."

"சொல்லித் தொலைங்க!"

"மாமனாரு பேர எப்படிங்க சொல்றது? மருவாதி இல்லீங்களா?"

நெல் இடுப்பு வரை ஏறியது. கூட்டாளிகள் கவலையோடு ஆலோசித்தார்கள். "நாம சொல்லலாமா?" "வயசுல மூத்தவரு. தப்பு." "மயிலாத்தா சொல்லட்டும்." கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. நானே சொல்லிக்கொள்கிறேன் என்று மாமனார் வாயைத் திறந்தார். வாய் நிறைய நெல். நல்லவேளை, கரண்ட் போய்க் கதவு தானாக மூடிக்கொண்டது.

நெல்லைத் துப்பிவிட்டு, "இப்பவே எம்புள்ளயக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"மில்லு எங்கீங்க நின்னுச்சு? கரண்டுதானுங்க நின்னுச்சு."

"அதுவுஞ் சரிதான்" என்றார். அவரும் மட்டியூர்தானே.

அந்த வாரமே தீர்ப்பு வந்தது. திற, மூடு எல்லாம் பொதுச் சொற்கள், எவரும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்றார் நீதிபதி. வழக்கு ஜெயம்! ஆனால் கணினியில் எதை எங்கே மாற்றினோம் என்று மூவருக்கும் நினைவில்லை.

"சாஃப்ட்வேரை எதுக்கு மாத்தோணும்? மாமாவ மாத்திரலாம்" என்றான் கருப்பணன்.

மாமனாரும் சம்மதித்தார். கதவு மூடுவது அவர் பெயரைக் கேட்டுத்தானே. சட்டப்படி அவர் பெயர் 'மூடு' என்று மாறியது.

சோதித்துப் பார்க்க அவரே தொட்டிக்குக் கீழே போய் நின்று மகளைக் கூப்பிட்டார். நெல் கொட்டியது. கழுத்து வரை வந்ததும், "இப்பச் சொல்லுங்க மாப்ள!" என்றார்.

நாச்சிமுத்து தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். வாயைப் பொத்திக்கொண்டான். "புதுசா இருந்தாலும் உங்க பேருங்களே மாமா."

மில் இன்றுவரை நிற்கவில்லை. அதனால் மயிலாத்தாவும் புருஷன் வீட்டில்தான் இருக்கிறாள். மூன்று வேளையும் நெல் குவியல் மேல் ஏறிப் போய் அப்பாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு இறங்கி வருகிறாள்.