மான் கடித்த வெட்சிச் செடி

மலையடிவாரத்தில் இருந்த ஒரு காட்டில், ஓடைக் கரையோரமாக ஒரு வெட்சிச் செடி நின்றது. குழந்தைகளே, அது பூத்தால் செடியே தீப்பற்றிக்கொண்டதுபோலச் சிவந்து தெரியும். அதன் தேனைக் குடித்தே வளர்ந்தது ஒரு தேன்சிட்டு.

அந்த ஆண்டு முதல் பூ முடிந்ததும் கொத்துகள் கருகின. அங்கங்கே காய் பிடித்தது. அப்புறம் ஒரு மொட்டுகூட வரவில்லை. பூ இல்லாத இடத்தில் சிட்டு எப்படிக் கூடு கட்டும்? பழைய கொத்துகளே திரும்பப் பூக்கும் என்று நம்பி, அது செடியை விட்டு நகராமல் காவல் இருந்தது.

ஒரு நாள் கடமான் ஒன்று வந்து நுனிக் கிளையில் வாய் வைத்தது. சிட்டு பாய்ந்து அதன் கழுத்தில் கொத்தியது.

"தள்ளிப் போ. இது என் செடி."

மான் கோபிக்கவில்லை. "காய்ந்த கொத்தைக் காத்து என்ன பயன்? செடி தன் சத்தையெல்லாம் காய்க்குக் கொடுக்கிறது. நுனியைக் கடித்துவிட்டால் பக்கத்தில் துளிர்க்கும். துளிரில்தான் பூ வரும்."

மேலே மரத்தில் இருந்த அணில் சிரித்தது. "கேட்டாயா சிட்டு? தன் வயிற்றுக்கு வழி பார்க்கிறது."

"வயிறும் நிறையும், பொய் இல்லை," என்றது மான். "பாதிச் செடியை மட்டும் கொடு. மறுபாதியைத் தொடமாட்டேன்."

சிட்டுக்கு வேறு வழி தெரியவில்லை. "சரி," என்றது அரை மனத்தோடு.

மான் தின்றது. பாதி முடிந்ததும், பசி தீராவிட்டாலும் சொன்னபடியே நிறுத்திவிட்டுப் போய்விட்டது. மொட்டையாக நின்ற கிளைகளைப் பார்த்துச் சிட்டுக்கு அழுகை வந்தது.

"நன்றாக ஏமாந்தாய்," என்றது அணில்.

மழை பெய்தது. மொட்டைக் கிளைகளில் துளிர் விட்டது. சில வாரங்களில் அந்தப் பாதி பூத்துக் குலுங்கியது. காவல் காத்த பாதியோ வெறும் காயோடு நின்றது.

சிட்டு வயிறாரத் தேன் குடித்தது. பிறகு காடெல்லாம் தேடி மானைக் கண்டுபிடித்தது.

"அக்கா, நன்றி சொல்ல வந்தேன். கொத்தியதற்கு என்னை மன்னியுங்கள்."

"நான் என் பசிக்குத் தின்றேன். அதற்கு எதற்கு நன்றி?"

"தின்றதற்கு மட்டும் இல்லை, அக்கா. பசி தீராமலே பாதியில் நிறுத்தினீர்களே, அதற்கும்தான். மறுபாதியும் இனி உங்களுக்கு. வாருங்கள்."

மான் நடந்தது. சிட்டு அதன் முன்னே பறந்து பறந்து வழி காட்டியது.

நீதி: உதவியவருக்கும் அதில் பயன் உண்டு என்பதால் உதவி சிறிதாகிவிடாது, தேடிப் போய் நன்றி சொல்.