எட்டாத தாழ்ப்பாள்

ஆமென் சொல்லி முடித்த அந்த ஒரு நொடி அமைதியில்தான் அது கேட்டது. டணங், டணங், டணங். இருட்டுக்குள் எங்கிருந்தோ, தாளம் தப்பி, விடாமல் வந்தது.

புதன்கிழமை ஜெபக்கூட்டம். மணி எட்டு இருக்கும். "முக்குக் கடையில கொத்து பரோட்டா ஆரம்பிச்சுட்டான்" என்று பின்வரிசையில் ஒருத்தி கிசுகிசுக்க, இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிரிசில்லா சிரிக்கவில்லை. கொத்து பரோட்டாவுக்கு ஒரு தாளம் உண்டு. இது எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடிக்கிற சத்தம். அதுவும் அவள் வீட்டுப் பக்கமிருந்து. செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள்.

ஏன் ஓடினாள்? வீட்டுக்காரர் கத்தாரில். வீட்டில் எட்டு வயது ஹெப்சியும், மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்த இரண்டு வயது ஈத்தனும் மட்டும். 'பிள்ளைக்குச் சுகம் வேணும்னா தாய் வந்து முழங்கால் போடணும்' என்று மூப்பர் வேதமாணிக்கம் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். சின்னவனைத் தூங்கவைத்து, "யார் வந்தாலும் திறக்காதே" என்று பெரியவளிடம் சொல்லி, அவசரத்துக்குப் பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று வெளியே பூட்டாமல், கதவை இழுத்து மட்டும் சாத்திவிட்டு வந்தாள். அந்தக் கதவுக்கு உள்ளே ஒரே ஒரு தாழ்ப்பாள், உச்சியில். ஹெப்சிக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறினாலும், துருவேறிய அது அவள் கைக்கு அசையாது.

கூட்டத்தில் ஒரு துண்டுச் சீட்டில், 'பிள்ளைக்குக் காய்ச்சல், ஜெபிக்கவும்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். மூப்பர் அதை மைக்கில் வாசித்தார். வாசித்ததோடு விட்டாரா? "சகோதரி பிரிசில்லாவோட வீட்டுக்காரர் வெளிநாட்டுல. ரெண்டு பிள்ளைங்களையும் தனியா விட்டுட்டு விசுவாசத்தோட வந்திருக்காங்க. எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்லுங்க!" தட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள், மாதாமாதம் வெளியூரிலிருந்து பிரசங்கத்துக்கு வரும் சகோதரர் மனாசே போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். பிரிசில்லா பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதற்காக அவள் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை.

தெருவில் யாருமில்லை. "அம்மாதான்டி!" என்று கத்தினாள். உள்ளே அரிசி டிரம் தரையில் உரசி நகர்ந்தது. கதவு திறந்தது. கையில் தட்டும் கரண்டியுமாக ஹெப்சி.

"மனாசே அங்கிள் வந்தாங்கம்மா. அம்மா அனுப்புனாங்க, தம்பிக்கு ஜெபம் பண்ணணும், திறன்னாங்க. நீ அனுப்புனா, உன்கூட ஜெபத்துக்கு வந்த பக்கத்து வீட்டு அத்தையும் சேர்ந்து வந்திருப்பாங்கல்ல? அதான் டிரம்மைத் தள்ளி வச்சுட்டு அடிச்சேன்."

மறுநாளே பிரிசில்லா மூப்பரிடம் போய்ச் சொன்னாள். தாழ்ப்பாள், டிரம் விஷயத்தை மட்டும் வெட்கத்தில் விழுங்கிவிட்டாள். அதை அவள் எவரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு வந்தது. ஞாயிறு பள்ளியில் அன்று பரிசு நாள். 'சிறு வயதிலே தேவனிடம் ஞானம் கேள்' என்பதுதான் அந்த வருடம் முழுக்கப் பாடம். நான்கு வயதிலிருந்து ராத்திரிதோறும் கண்ணை மூடி, "ஆண்டவரே, எனக்கு ஞானம் தாரும்" என்று கேட்டுவிட்டுப் படுக்கிற பிள்ளை ஹெப்சி. ஜிப் வைத்த வேதாகமம் அவளுக்குத்தான் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் மூப்பர் தாயையும் மகளையும் அலுவலக அறைக்குள் கூப்பிட்டார். உள்ளே வெள்ளை ஜிப்பாவில் மனாசே.

"பிள்ளை பொய் சொல்லி ஊழியக்காரர் பேரைக் கெடுக்குது. முழங்கால் போட்டு மன்னிப்புக் கேக்கட்டும். இல்லேன்னா பரிசும் கிடையாது, இனி ஞாயிறு பள்ளியும் கிடையாது" என்றார் மூப்பர்.

"ஐயா, அன்னைக்கு அங்கிள்..." என்று ஹெப்சி ஆரம்பித்தாள்.

"போதும். பெரியவங்க பேசும்போது வாயை மூடு. ஞானம்னா கீழ்ப்படிதல்."

மனாசே சிரித்தார். "நான் அந்த வீட்டு வாசப்படியைக்கூட மிதிக்கல ஐயா. போன் பேசிக்கிட்டே தெருவுல போனேன். எதிர்ப்பக்கம் நின்னு அந்த வீட்டுக்காக ஒரு ஜெபம், அவ்வளவுதான். பாப்பா பயத்துல எதையோ நெனச்சுக்கிச்சு." பிறகு பிரிசில்லா பக்கம் திரும்பினார். "ஆனா தங்கச்சி, உங்களைத்தான் சொல்லணும். கதவுக்குத் தாழ்கூடப் போடாம பச்சப் பிள்ளைங்கள விட்டுட்டு வந்தீங்களே, நீங்கல்லாம் ஒரு தாயா?"

"கேட்டுக்கோம்மா" என்றார் மூப்பர்.

பிரிசில்லாவின் முகம் எரிந்தது. பொய்யாக இருந்தால் சண்டை போடலாம், உண்மையாயிற்றே. ஞானம் கேள், ஞானம் கேள் என்று வருடம் முழுக்க மேசையைக் குத்திக் குத்திச் சொல்லிக்கொடுத்தவர்கள், பிள்ளை கேட்டு வாங்கி வந்து நின்றதும் முழங்கால் போடு என்கிறார்கள்! வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று பயந்து, மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஹெப்சி நகரவில்லை. ராத்திரி செய்வதைப் போல ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு முழங்கால் போடுறேன் அங்கிள்" என்றாள். கேட்டாள்.

மனாசே, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார். மூப்பர் அவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அதன்பின் அந்த அறையில் முழங்கால் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

படிக்கிறவர்களே, எதையும் நான் ஒளிக்கவில்லை. ஹெப்சி கேட்ட அந்த ஒரே கேள்வி என்ன? அங்கே இருந்த நால்வரில் ஞானம் யாரிடம் இருந்தது?

விடை: "எங்க கதவு தாழ் போடலன்னு உங்களுக்கு எப்படி அங்கிள் தெரியும்?" தாய் அதை யாரிடமும் சொல்லவில்லை, மகளை மூப்பர் பேசவே விடவில்லை. எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் சாத்திய கதவு சாத்திய கதவுதான். தள்ளிப் பார்த்து, டிரம்மில் முட்டி நின்றவனுக்குத்தான் தாழ் இல்லை என்று தெரியும். அவன் சொன்னதை மற்ற மூவரும் கேட்டார்கள். தாயின் காதை வெட்கம் அடைத்தது, மூப்பரின் காதை ஜிப்பா அடைத்தது. ஞானம் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு மட்டும் அது விளங்கியது. மறுநாள் சாயங்காலம் மூப்பர் பரிசோடு வீட்டுக்கே வந்து, "நடந்தது நடந்துபோச்சும்மா, போலீஸ் அது இதுன்னு போகாதீங்க" என்றார். "காலையிலேயே போய் எழுதிக் கொடுத்துட்டேன் ஐயா" என்ற பிரிசில்லா, வேதாகமத்தை வாங்கி மகளிடம் கொடுத்தாள். ஹெப்சி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மத்தியானம் அம்மா தன் கையாலேயே திருகி, அவள் தோள் உயரத்தில் மாட்டியிருந்த புதுத் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டாள்.