தோளிலிருந்து விழுந்த பெட்டி

கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

ஒரு துறைமுக நகரத்தில் செல்வக்கனி என்று ஒருத்தி. தையல் கடையை மூடிவிட்டு, சின்னப் பிள்ளைகள் போடும் ஹெல்மெட் நானூறு வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாள். முதல் வியாபாரம்; கைகொடுக்காவிட்டால் திரும்பிப் போகத் தையல் கடையும் கிடையாது. அங்கே சட்டம் கறாரானது. வெளியிலிருந்து வரும் ஹெல்மெட்டில் ஒன்றை எடுத்து, உயரத்திலிருந்து இரும்புத் திண்டின் மேல் போட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் எல்லாம் கடைக்குப் போகும். உடைந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள்.

உடைந்தது.

சரக்கைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துத் தரும் ஏஜென்ட் ரொசாரியோ பதறவில்லை. சரக்கு இறக்கிய அன்று ஒரு பெட்டி லோடுமேன் தோளிலிருந்து நழுவி விழுந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். குடோன் பதிவேட்டிலும் எழுதியிருந்தது. மூலை நசுங்கிய பெட்டி பாரம் தாங்காது என்று அடுக்கின் உச்சியில் வைப்பது லோடுமேன்களின் வழக்கம். சோதனை அதிகாரி திருவேங்கடம் குனியச் சோம்பல்பட்டு உச்சிப் பெட்டியிலிருந்தே ஒன்றை எடுத்துப் போயிருந்தார். சோதனைக்கு முன்பே அடிபட்டது என்று தெரிந்தால் வேறொன்றை எடுத்துச் சோதிக்க விதியில் இடமுண்டு. சரக்குக்கு உரியவள் கையெழுத்து மட்டும் வேண்டும்.

“போடும்மா கையெழுத்த. பொய் ஒண்ணும் எழுதல,” என்றார் ரொசாரியோ.

செல்வக்கனி பேனாவை வாங்கவில்லை. பைக்கிலிருந்து விழும் பிள்ளையின் தலையும் ஏறக்குறைய அந்தத் தோள் உயரத்திலிருந்துதானே தரைக்கு வரும்? அதுவும் அட்டைப்பெட்டியோ தெர்மாகோலோ இல்லாமல்.

“தோள்ல இருந்து விழுந்ததுக்கே பலம் போயிட்டுன்னா அது என்ன ஹெல்மெட், அண்ணாச்சி? பூச்சட்டியக் கவுத்துக்கிட்டுப் போகலாமே.”

“நியாயம் பேசுத. வியாழக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்காங்க. உன் சரக்கு வரலன்னா புள்ளைங்க வெறுந்தலையோட அப்பன் வண்டியில போகும். வெறுந்தலைக்கு இது மேலில்லையா?”

“வெறுந்தலைன்னா அப்பன் மெதுவாப் போவான். ஹெல்மெட்ட நம்புனாத்தான் முறுக்குவான்.”

சொல்லிவிட்டு அவள், குடோனில் பக்கத்திலேயே நின்ற அதிகாரியிடம் திரும்பினாள்.

“சார், நசுங்காத பெட்டி ஒண்ணு எடுப்போம். அதையும் தோள்ல இருந்து போடுவோம். அப்புறம் உள்ள இருக்குறதச் சோதிங்க.”

“விதியில அப்படி இல்ல மேடம்.”

“கூடாதுன்னு இருக்கா?”

திருவேங்கடம் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை. “ஆனா நீங்களே கேட்ட சோதனையில தோத்தா, அதையும் நான் எழுதித்தான் ஆகணும். அப்புறம் மறுசோதனை கிடையாது. பெட்டியக் கீழ போடாமச் சோதிச்சா அனேகமா தாங்கிரும். யோசிச்சுக்கங்க.”

“எழுதுங்க சார்.”

“கிறுக்குப் புள்ள!” என்று ரொசாரியோ தலையில் அடித்துக்கொண்டார். செல்வக்கனி அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவி, தானே தோளில் ஏற்றி, கையை விட்டாள்.

இப்போது சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி காட்டி வழி கேட்ட ரொசாரியோவா, விதியோடு நின்ற திருவேங்கடமா, விதி கேட்காததைத் தானே கேட்டு வாங்கிய செல்வக்கனியா? இதில் யார் செய்தது சரி?

விடை: ரொசாரியோ பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் காட்டிய உண்மை, அந்த ஒரு ஹெல்மெட் ஏன் உடைந்தது என்பதோடு முடிந்துவிடுகிறது. மற்றவற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. திருவேங்கடம் விதியை மீறவில்லை. அந்த விதியை எழுதியவர் லோடுமேன் தோளை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். செல்வக்கனி செய்ததுதான் சரி. கடையில் வாங்குகிறவன் கேட்க வேண்டிய கேள்வியை, அவன் வந்து நிற்கவே முடியாத குடோனில், தன் பிழைப்பைப் பணயம் வைத்து அவள் கேட்டாள். இரண்டாவது ஹெல்மெட் தாங்கியதா என்று என்னிடம் கேட்காதீர்கள். தாங்கியது என்றால் கெட்டிக்காரி என்பீர்கள். உடைந்தது என்றால் பிழைக்கத் தெரியாதவள் என்பீர்கள். இரண்டுக்கும் முன்பே அவள் கையை விட்டுவிட்டாள்.