மூன்று உச்சி, நான்கு நாள்

மலையேறும் சங்கம் நடத்த மலை வேண்டும் என்றொரு நம்பிக்கை நாட்டில் பரவலாக இருக்கிறது. இது பெரும்பிழை. மேலப்பள்ளூரில் நிலம் தோசைக்கல்லைப் போலத் தட்டையாகக் கிடக்கிறது. ஊரிலேயே உயரமானது குடிநீர்த் தொட்டிதான். அங்கே மலையேறுவோர் சங்கம் பன்னிரண்டு வருஷமாகக் குறைவின்றி நடக்கிறது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு ரப்பர் ஸ்டாம்பு.

வினை சங்கத்தின் விதியில் இருந்தது: "அதிக உச்சிகளைத் தொட்டவரே தலைவர்." தலைவர் ஏகாம்பரம் தொட்டது பூஜ்யம். செயலாளர் கோதண்டம் தொட்டதும் பூஜ்யம். "அப்படின்னா நானும் சமம்தானே?" என்று கோதண்டம் கேட்ட நாளிலிருந்து ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. தீபாவளிக்கு மறுவாரம் பொதுக்கூட்டம்.

ஆகவே புரட்டாசியில், பொருளாளர் மாசிலாமணியையும் சேர்த்துக்கொண்டு, மூவரும் இமயமலைக்குப் போனார்கள். நான்கு நாள், மூன்று சிகரம். வழிகாட்டி தாஷி, பல மார்கழிகள் கும்பகோணத்தில் ஸ்வெட்டர் விற்றுத் தமிழ் கற்றவர்.

முதல் நாள் தாஷி மூவர் கையிலும் ஒரே கயிற்றைக் கொடுத்தார். "என்ன ஆனாலும் கயிறை விடாதீங்க சார்."

விடவில்லை. சாப்பாடு வந்தது, மூன்று வலது கைகளும் கயிற்றில் இருந்தன.

"இடது கைக்கு மாத்திக்கலாமே?" என்றார் மாசிலாமணி.

"மாத்துற நொடியில விட்ட மாதிரி ஆயிடும்யா," என்றார் கோதண்டம்.

ஏகாம்பரம் பதவிக்குரிய தியாகத்தோடு கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டார். மூவரும் கையை எடுத்தார்கள்.

"கெட்டியாப் புடிச்சிருக்கீங்களா தலைவரே?"

"புடிச்சிருக்கேன்," என்றார் ஏகாம்பரம். கயிறு பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது.

இரண்டாம் நாள் பனி. "என் கால் பட்ட இடத்துல மட்டும் கால் வைங்க," என்றார் தாஷி. சற்று நேரத்தில் ஒன்றுக்குப் போக ஒரு பாறையின் மறைவுக்கு ஒதுங்கினார். திரும்பிப் பார்த்தால், மூவரும் முதுகுக்குப் பின்னால் வரிசையாக, அடக்கமாக நின்றிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை மூன்று சிகரங்களும் எதிரே தெரிந்தன. "மத்தியானம் மேகம் வந்துரும். பன்னிரண்டுக்குள்ள மூணு உச்சியையும் தொட்டுட்டு இறங்கிடணும். லேட்டானா உயிருக்கு ஆபத்து," என்று சொல்லிவிட்டுத் தாஷி பாதை பார்க்கப் போனார்.

ஏகாம்பரம் சிகரத்தைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். பொதுக்கூட்டத்தை நினைத்தார்.

"தலைவரே, உச்சின்னா எது?" என்றார் மாசிலாமணி.

"இது தெரியாதாய்யா? எண்ணெய் வைக்கிறோமே, அந்த இடம்."

"மூணுன்னாரே?"

ஏகாம்பரம் எண்ணினார். "நாம மூணு பேர்தானே?"

"அட, அதைத் தொடவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் கோதண்டம்.

"தலைவரே, குல்லாயோட தொட்டா செல்லுமா?" என்றார் மாசிலாமணி.

"செல்லாது. கழட்டு."

பனிக்காற்றில் மூன்று தலைகள் வெறுமையாயின. ஒவ்வொருவரும் மூன்றையும் முறைப்படி தொட்டார்கள்.

"ஆளுக்கு மூணு. இப்பவும் சமம்தான் தலைவரே," என்று கோதண்டம் சிரித்தார்.

ஏகாம்பரம் சுற்றுமுற்றும் இன்னொரு தலையைத் தேடினார். அந்நேரம் திரும்பி வந்த தாஷி, ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். ஏகாம்பரம் பாய்ந்து அவர் குல்லாயைத் தூக்கி உச்சியைத் தொட்டார். "நாலு!"

தாஷி பதறி நிமிர்ந்தார். ஆறடி உயரம். ஐந்தடிக்கும் குறைவான கோதண்டம் இரண்டு முறை எகிறிப் பார்த்தார், எட்டவில்லை.

"தொட்டாச்சு! உயிருக்கு ஆபத்து, இறங்குங்கய்யா!" என்று கத்திக்கொண்டே ஏகாம்பரம் இறங்கினார்.

பொதுக்கூட்டத்தில் அவர் நான்கு உச்சிகளின் உயரத்தையும் அடி, அங்குலத்தில் வாசித்தார். கைதட்டல் அடங்கியதும், சுண்டலுக்காகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த புது உறுப்பினர், சலூன் பரஞ்சோதி, கூச்சத்தோடு எழுந்தார்.

"நான் முப்பத்திரண்டு வருஷமா தினம் பத்துப் பன்னிரண்டு தொடறேங்க. ஞாயித்துக்கிழமைன்னா இருபது. காலையில தலைவரோடதைக்கூடத் தொட்டேன்."

"குல்லாயோடயா?" என்றார் மாசிலாமணி.

"எண்ணெய் வச்சுங்க."

கோதண்டம் ஒரு தாளில் வெகுநேரம் பெருக்கிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் மெல்ல நாற்காலியிலிருந்து எழுந்தார்.

சங்கக் கூட்டம் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நடக்கிறது. அன்றுதான் தலைவருக்குக் கடை லீவு.