முதலாளி தேர்ந்தெடுத்த படகு

ரைஸ்மில் முதலாளி செங்கோடனின் மீசை, அவருக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே வீட்டுக்குள் நுழைந்துவிடும். அவர் ஒருநாள், குடும்பத்தோடு ஏரியில் மீன்பிடித்து உலாவ அலுமினியப் படகு வாங்கப் போனார். கரையோரத்து முழங்கால் தண்ணீரில் இரண்டு படகுகள் நின்றன. கூட வந்த மனைவி ஒல்லிப் படகைக் கேட்டாள். அம்மா அகலப் படகைக் கேட்டாள். இருவர் முகமும் உம்மென்று ஆனது.

முதலாளி, துணைக்கு வந்திருந்த சமையல்கார மாரப்பனைப் பிடித்துக்கொண்டார். "டேய், நீயே ஒண்ணைத் தீர்மானம் பண்ணு. ரெண்டு பேரும் சிரிக்கோணும். இல்லீன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

முதலாளி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை என்பது மாரப்பனுக்குத் தெரியும்.

"ஆகட்டுங்க. முதல்ல ஒல்லிப் படகுல ஏறுங்க, ஒரு போட்டோ எடுத்துப் பார்க்கலாம்."

முதலாளி ஏறினார். ஓரமாக நிமிர்ந்து நின்று மீசையை முறுக்கினார். படகு சாய்ந்தது. அவர் விழுந்த வேகத்தில் எதிர்க்கரைக் கத்தரித் தோட்டத்துக்கு ஒரு வாரத் தண்ணீர் பாய்ந்துவிட்டது. சந்தேகமென்றால் கத்தரிக்காயைக் கேளுங்கள். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அகலமே இருக்கட்டும் அத்தை," என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்தபடி.

மாரப்பன் துண்டை நீட்டினான். "ரெண்டு பேரும் சிரிச்சாச்சுங்க. நாளைக்கு என்ன சமைக்கட்டும்?"

மீசையில் சிக்கித் துள்ளிய கெண்டையைப் பிடுங்கி அவன் கையில் வைத்தார் முதலாளி.

"இன்னைக்கு இதைக் குழம்பு வை. நாளைக்கு இட்லி."