யானை மடைப்பள்ளிக்கு வந்த கதை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றும் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், இளஞ்சேந்தன் என்ற புது ராஜா பட்டத்துக்கு வந்தான். வயது இருபத்திரண்டு. எதைக் கேட்டாலும் அரண்மனையில் ஒரே பதில்தான்: "உங்கள் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான், மகாராஜா."

கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ராஜா ஒரு நாள் குடவோலைப் பானையைக் கொண்டுவரச் சொன்னான். ஊர்ச்சபைக்கு ஆள் எடுப்பதுபோலப் பணியாட்கள் எல்லோரும் பானைக்குள் கைவிட்டு ஆளுக்கொரு ஓலை எடுத்தார்கள். ஓலையில் எந்த இடமோ, அங்கேதான் ஓராண்டு வேலை. இடம் விட்டு நகர்ந்தால் சிறை. ஆணையில் முத்திரையும் விழுந்தது.

மறுநாள் அரண்மனைக்கு வந்த விகடகவி பொன்னம்பிக்குத் தலை சுற்றியது. வாசலில் நின்ற தோட்டக்காரன், வருகிறவர்களின் காலிலெல்லாம் தண்ணீர் ஊற்றினான். நந்தவனத்தில் வாயில்காவலன் ஈட்டியும் கையுமாக நின்று, "யாரது? நில்!" என்று வண்டுகளை அதட்டிக்கொண்டிருந்தான். யானைக்கொட்டிலில் சமையற்காரர் ஆண்டிநாதர் தழைக்குக் கடுகு தாளிக்க, பட்டத்து யானை தும்மிய தும்மலில் கூரை ஓடு நாலு பறந்தது.

மதியம் ராஜாவின் இலையில் தேங்காய் அளவு சோற்றுருண்டை ஒன்று வந்து விழுந்தது. பரிமாறியவன் யானைப்பாகன் கோப்பன்.

"வாயை நல்லாத் தொறங்க மகாராஜா, உள்ள தள்ளிவிடறேன்."

ராஜா திகைத்துப்போனான். மூன்றாம் நாள் அவனுக்குப் பெண் கொடுக்கவிருக்கும் அரசர் விருந்துக்கு வருகிறார். போட்ட ஆணையை இரண்டே நாளில் திரும்பப் பெற்றால் யார் மதிப்பார்கள்?

பொன்னம்பிமேல் வெகுநாள் பொறாமை கொண்ட பிரதானி அனந்தவேள் இதமாகச் சொன்னார்: "அரசே, நம் விகடகவியைவிடக் கெட்டிக்காரர் யார்? ஓலை ஒன்றுகூட மாறாமல் விருந்தை அவரே நடத்தித் தரட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டான் ராஜா.

வீட்டில் மனைவி வடிவு, "எதையெல்லாம் மூட்டை கட்ட?" என்று கேட்டாள்.

"தெரியலையே வடிவு. எனக்கு ஒண்ணுமே புரியலை."

"புரியாதவன் ஊமையா உக்காந்திருந்தா எப்படி? தெரிஞ்சவங்ககிட்டப் போய்க் கேளுங்க."

யாரிடம் கேட்பது? குழப்பத்தோடு மடைப்பள்ளிக்குப் போனான். அடுப்படியில் கோப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"புகையா, கோப்பா?"

"இல்ல சாமி. ரெண்டு நாளா அது ஒரு வாய் திங்கலையாம். நான்தான் நகரக் கூடாது. யானைக்கு யாரு ஓலை குடுத்தா? அதுவாச்சும் என்னைத் தேடி வரலாமில்ல?"

"அதானே!" என்றான் பொன்னம்பி. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

மூன்றாம் நாள் காலையில் விருந்தினரை வரவேற்க வாசலுக்கு வந்த ராஜா, வழி தவறிவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தான். வாசல் நிறைய மல்லிகைத் தொட்டிகள். நடுவே தோட்டக்காரன் பூப்பறித்துக்கொண்டிருந்தான். நந்தவனத்துப் பக்கமிருந்து, "மாமன்னர் வருகிறார்!" என்று வாயில்காவலனின் குரல் கணீரென்று கேட்டது. அங்கே ஓடினான்; வழியில் மடைப்பள்ளி முற்றத்தில் பட்டத்து யானை கோப்பன் ஊட்டிய கவளத்தை ஆசையாகத் தின்றுகொண்டிருந்தது. யானைக்கொட்டிலிலிருந்து நெய்யில் முந்திரி வறுபடும் மணம் வந்தது. அங்கே வரிசையாக அடுப்புகள். நடுவில் ஆண்டிநாதர், கையில் கரண்டி.

விருந்தாளி அரசர் மூன்றாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டு, "இந்த வீட்டுக்கு வந்தால் என் மகளுக்குச் சலிப்பே தட்டாது" என்றார்.

பிரதானி பதறினார். "அரசே! இவன் ஆணையை மீறிவிட்டான்!"

"யாராவது ஓலையில் கண்ட இடத்தை விட்டு நகர்ந்தார்களா, பிரதானி அவர்களே?" என்று பணிவாகக் கேட்டான் பொன்னம்பி. "அடுப்பும் யானையும் பூந்தொட்டியும் பானைக்குள் கை விடவில்லையே! அவற்றைத்தான் நகர்த்தினேன். வாசலை மட்டும் தூக்க முடியவில்லை. விருந்தினர் வரும் வழியைத் திருப்பிவிட்டேன்."

ராஜா வாயைப் பொத்திப் பார்த்தான், முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தான்.

"எப்படித் தோன்றியது உமக்கு?"

"எனக்கு எங்கே தோன்றியது, அரசே? கோப்பனைக் கேட்டேன்."

ராஜாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "நான் ஒருவரையும் கேட்கவில்லை" என்றான். "அடுப்பும் யானையும் அதனதன் இடத்துக்குப் போகட்டும், ஆட்களும் கூடவே போகட்டும். அடுத்த மாற்றத்துக்கு முன் ஒவ்வோர் இடத்திலும் நானே ஒரு நாள் நின்று பார்ப்பேன். பிரதானியும் உடன் நிற்பார். முதலில் யானைக்கொட்டில்."

பிரதானி மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்து ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தன் முத்துமாலையைக் கழற்றிப் பொன்னம்பியின் கழுத்தில் போட்டான். பொன்னம்பியோ பாதி முத்துகளை உருவிக் கோப்பன் கையில் வைத்துவிட்டு, வடிவு மூட்டையைக் கட்டி முடிப்பதற்குள் வீட்டுக்கு ஓடினான்.