கிளிப் பாட்டு கேட்கப் போன மூவர்

ஊசிப்பாறைக்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்து முடிப்பார்கள். அதுதான் அந்த ஊருக்குப் பெருமை, சுற்று வட்டாரத்துக்குத் தலைவலி. அதிலும் ஆவுடையப்பனும் அவன் மனைவியின் தம்பிகள் சங்கிலியும் மாடக்கண்ணுவும் இருக்கிறார்களே, சொன்னதற்கு மேல் ஒரு குண்டுமணி அளவுகூட யோசிக்க மாட்டார்கள். யோசித்தால் சொன்னவருக்கு மரியாதைக் குறைவு என்பது அவர்கள் கட்சி.

ஆவுடையப்பனுக்குப் பாடகி வேதநாயகி என்றால் உயிர். எந்த மேடை ஏறினாலும் அந்த அம்மா கடைசியாகப் பாடுவது கிளிப் பாட்டு. அதைக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறான், டீக்கடை ரேடியோவில் கேட்டிருக்கிறான். ஆனால் கிளி பறக்கிற இடம் வருவதற்குள் ஒன்று கரண்ட் போய்விடும், இல்லையென்றால் யாராவது செய்தி வைக்கச் சொல்லிவிடுவார்கள். கிளி கடைசியில் என்ன ஆனது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அந்தப் பாட்டை அவர் வாயாலேயே, நேரில், முழுசாக ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவன் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். கல்யாணத்துக்குக்கூட அவன் அம்மாதான் ஆசைப்பட்டாள்.

டவுன் கலையரங்கத்தில் வேதநாயகி கச்சேரி என்றதும் மூவரும் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். புறப்படும்போது ஆவுடையப்பன் மனைவி பூரணம் வாசலில் நிறுத்திப் புத்தி சொன்னாள்.

“டிக்கெட்டை வீடு திரும்புற வரைக்கும் கையை விட்டு எடுக்காதீங்க. எலே தம்பிகளா, மெஸ்ல பெரியவர் எந்திரிக்காம சின்னவங்க எந்திரிக்கக் கூடாது, மச்சான் எந்திரிச்ச பிறகுதான் நீங்க, இல்லேன்னா பாக்குறவன் என்ன நினைப்பான்? ஏங்க, நீங்களும் இவனுக சாப்பிட்டு முடிக்கிறதுக்கு முன்னால இலையை மூடிட்டு ஓடாதீங்க.”

பாவம், நல்ல மனசோடுதான் சொன்னாள்.

அரங்கத்துக்கு எதிரேயே ஒரு மெஸ். இலை போட்டார்கள், சோறு வந்தது, சாம்பார் வந்தது. மூவரும் வலது கையில் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு இலையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

“டிக்கெட்டை இடது கைக்கு மாத்திக்கிடலாமா மச்சான்?” என்றான் சங்கிலி.

“அம்மா படம் போட்டிருக்கு. இடது கையிலயா பிடிப்ப?”

“அப்ப சோத்தை இடது கையால...”

“பெத்தவங்க உன்னை அப்படித்தான் வளத்தாங்களா?”

மாடக்கண்ணு நெடுநேரம் யோசித்து, டிக்கெட்டோடு சேர்த்தே பிசைந்துவிடலாம் என்றான். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. பிசைந்தார்கள். வேதநாயகி முகத்தில் முதலில் சாம்பார் ஏறியது, பிறகு ரசம் ஏறியது. மோர் வந்தபோது அந்த அம்மா கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தார்.

சாப்பாடு முடிந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. தம்பிகள் மச்சான் எழட்டும் என்று காத்திருந்தார்கள். மச்சான் தம்பிகள் இலையை மூடட்டும் என்று காத்திருந்தான். இலை மூடாதவரைக்கும் பரிமாறு என்பது அந்த மெஸ்ஸின் வழக்கம். அதனால் பரிமாறுகிறவர் வரும்போதெல்லாம் சோறு விழுந்தது. விழுந்த சோற்றை வீணாக்கக் கூடாதே என்று மூவரும் அதைச் சாப்பிட்டார்கள். காலியான இலையைப் பார்த்துப் பரிமாறுகிறவர் மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

எதிரே கச்சேரி தொடங்கிவிட்டது. வேதநாயகியின் குரல் ஒலிபெருக்கி வழியாகத் தெருவைத் தாண்டி வந்து இலையில் விழுந்தது. ஆவுடையப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. “எலே, காதைப் பொத்துங்கலே. நேர்ல கேக்க வந்துட்டு இங்க வச்சுக் கேட்டா அம்மாவுக்குத் துரோகம்” என்றான். ஒரு கை சோற்றில் இருந்ததால் ஆளுக்கு ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது.

சோற்றுப் பானை காலியானதும் மெஸ் முதலாளி அண்ணாச்சியே அலறிக்கொண்டு வந்தார். “என்னய்யா, எந்திரிப்பீங்களா மாட்டீங்களா?”

ஆவுடையப்பன் அவர் நரைத்த மீசையை மரியாதையோடு பார்த்தான். “அண்ணாச்சி, நீங்க என்னைவிட மூத்தவங்கதானே?”

“ஆமா, அதுக்கென்ன?”

“அப்ப இங்க பெரியவர் நீங்கதான். எங்க பக்கத்துல ஒரு நிமிஷம் உக்காந்து எந்திரிச்சிருங்க. நாங்க சின்னவங்களாயிருவோம்.”

அண்ணாச்சி உட்கார்ந்தார். எழுந்தார். அவரோடு மூவரும் எழுந்து, தொந்தியைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து ஓடினார்கள்.

அரங்க வாசலில் இசக்கி என்ற காவல்காரர் நின்றார். டிக்கெட்டில் பாதியைக் கிழித்து வாங்கிக்கொண்டுதான் ஆளை உள்ளே விட வேண்டும் என்பது அவருக்கு இட்ட உத்தரவு. டிக்கெட்டோ சோற்றுப் பசை ஏறித் தோல் மாதிரி, கிழியமாட்டேன் என்று இழுபட்டது.

“டிக்கெட்டை விடும்வே!”

“வீட்ல சொல்லிருக்கு, விட மாட்டோம்.”

“எனக்கு மேனேஜர் சொல்லிருக்கு, நானும் விட மாட்டேன்.”

கடைசியில் ஒரு முனையை இசக்கியும் மறுமுனையை அவர்களும் பிடித்தபடி நால்வரும் ஒன்றாகவே உள்ளே போனார்கள். இசக்கியின் தாயாருக்குப் பிறந்த ஊர் ஊசிப்பாறை என்பது பிறகுதான் தெரியவந்தது.

உள்ளே வேதநாயகி பட்டுப் புடவையும் பெரிய பொட்டுமாக மேடையில் நின்றிருந்தார். ஆவுடையப்பன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் விசாரித்தான். கிளிப் பாட்டு இன்னும் பாடவில்லை!

அந்த அம்மா இரண்டு கையையும் கூப்பிச் சொன்னார். “என்னை வாழ வைக்கிற தெய்வங்களே, நீங்க இல்லேன்னா நான் இல்லை! அடுத்து, நிறைவா, கிளிப் பாட்டு.”

கூட்டம் கை தட்டியது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் வழக்கம்போல மெல்ல எழுந்து வாசலுக்கு நடந்தார்கள்.

சங்கிலிக்கு முகம் வெளிறிவிட்டது. “மச்சான், ஜனங்க போறாங்க! இவங்க இல்லேன்னா அம்மா இல்லையாமே!”

“பாவிகளா!” என்று கத்தினான் ஆவுடையப்பன். மூவரும் பாய்ந்து போய்க் கதவுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றார்கள். அங்கே மேடையில் கிளி பறந்துகொண்டிருந்தது. இங்கே மேடைக்கு முதுகைக் காட்டி ஆவுடையப்பன் தொண்டை கிழிய அலறினான். “உக்காருங்கய்யா! ஒரு பொம்பளை உயிரோட விளையாடாதீங்க!”

பாட்டு முடிந்தது. திரை விழுந்தது. கூட்டம் அவர்களைத் தள்ளிவிட்டுப் போயே விட்டது. மூவரும் வாடிய முகத்தோடு நின்றபோது வேதநாயகியே கீழே இறங்கி வந்தார்.

“கதவுகிட்ட ஒரே சத்தமா இருந்ததே. பாட்டு எப்படி இருந்தது?”

“தெரியாதும்மா” என்று விம்மினான் ஆவுடையப்பன். “நாங்க உங்களைக் காப்பாத்திக்கிட்டிருந்தோம்.”

அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, மனம் இளகிவிட்டது. மறுநாள் தூத்துக்குடியில் நடக்கும் கச்சேரிக்கு முன்வரிசை டிக்கெட் மூன்றை அவன் கையில் வைத்து, “அவசியம் வந்து கேளுங்க” என்று சொல்லிக் காரில் ஏறினார்.

கார் போனதும் மாடக்கண்ணு மெதுவாகக் கேட்டான். “மச்சான், எல்லாரும் போயிட்டாங்க, அம்மா இன்னும் இருக்காங்களே?”

“நாம மூணு பேரு இங்க இருக்கோம்ல. அதனாலதான்.”

“ஒருத்தர் மட்டும் தூத்துக்குடி போனா?”

“மூணுல ஒரு பங்கு அம்மா போயிருவாங்க. தலை போனா பாட்டு இல்ல, காலு போனா எப்படி நிப்பாங்க?”

நடுப்பங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆவுடையப்பன் டிக்கெட்டைப் பார்த்துப் பார்த்து அழுதான். கிளி என்ன ஆனது என்று தெரிய வேண்டும். அதற்காக அம்மாவைப் பலி கொடுக்க முடியுமா? கடைசியில் மூன்று டிக்கெட்டையும் இசக்கி கையில் கொடுத்தான். “நீரு போய்க் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லும். நாங்க போயிராம அரங்கத்தை வெளியே பூட்டிட்டுப் போம்.” கூடவே பூரணம் சொன்ன புத்திமதிகளையும் ஒன்று விடாமல் சொல்லி அனுப்பினான்.

மறுநாள் தூத்துக்குடியில், அரங்கத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில், இசக்கி வலது கையில் மூன்று டிக்கெட்டோடு சோறு பிசைந்துகொண்டிருந்தார். வாளி வாளியாகச் சாம்பார் தீர்ந்துவிட்டது. எதிர்ப்பக்கம் வேதநாயகி கிளிப் பாட்டைத் தொடங்கிவிட்டார்.

“எந்திரிங்க சார்” என்று சர்வர் கெஞ்சினார்.

“பெரியவர் எந்திரிக்காம நான் எப்படிய்யா எந்திரிக்கிறது?”

“பெரியவரா? நீங்க தனியாத்தானே வந்தீங்க?”

“ஆமா” என்றார் இசக்கி, இலையை இன்னும் கொஞ்சம் விரித்துக்கொண்டு. “அவரு வரட்டும்.”